சூரியனை எந்த ஒளியில் பார்ப்பது?

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணி அளவில், பெங்களூரு காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏறத்தாழ அந்தத் தெருவே கூடியிருந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி போன்ற ஊர்களில் அன்று கங்கண சூரிய கிரகணம். பெங்களூருவில் பகுதிக் கிரகணம்தான் என்றாலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்திருந்தது. கிளைக்குச் சற்றுத் தாமதமாக வருவதற்கு முன்னதாகவே அனுமதி பெற்றிருந்தேன். இருந்த இரண்டு கிரகணக் கண்ணாடிகளையும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கி அணிந்து பார்த்தோம். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தன் முறை வந்ததும் அண்ணாந்து பார்த்தவள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய பாடநூலில் இருந்த சூரியன் கொந்தளிக்கும் செந்நிறக் கோளம்; அதன் விளிம்பில் தீ நாக்குகள் வளைந்து எழும். நாங்கள் கண்டதோ காகிதத்தில் வெட்டி ஒட்டியது போன்ற ஆரஞ்சு நிறப் பிறை. சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் மிக அமைதியான கட்டத்தில் இருந்த மாதம் அது. கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒரு புள்ளிகூட இல்லை. புத்தகத்துப் படமும் பொய்யன்று, எங்கள் பிறையும் பொய்யன்று. அந்தப் படம் எடுக்கப்பட்ட ஒளி வேறு. எங்கள் கண்ணாடி வடிகட்டி அனுப்பிய ஒளி வேறு. இதை அன்றைக்கு அவளுக்கு விளக்க என்னால் இயலவில்லை. பிற்பாடு படித்தும், அறிந்தவர்களைக் கேட்டும், கொடைக்கானலுக்கு ஒருமுறை சென்று பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வங்கி அதிகாரிக்குச் சூரியனிடம் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உண்மையில், கண்ணுக்குத் தெரியாத சூரியனை நான் முதன்முதலில் சந்தித்ததே ஒரு வங்கிக் கிளையில் அமர்ந்தபடிதான்.

2006-ஆம் ஆண்டு, தருமபுரி மாவட்டத்தின் ஒரு சிற்றூர்க் கிளையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கிளையின் கூரை மீது வட்டத்தட்டு ஆன்டெனா ஒன்று இருந்தது. அதன் வழியாக, ஒரு செயற்கைக்கோளின் துணையோடு, எங்கள் கணினிகள் தலைமைக் கணினியுடன் பேசிக்கொண்டிருந்தன. மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் பரபரப்பு. மாதத்தின் நடுவே சில நாட்கள் தொடர்ந்து, நண்பகலை ஒட்டிச் சில நிமிடங்கள் தொடர்பு அறுந்துபோனது. வரிசையில் ஓய்வூதியம் வாங்க நின்றிருந்த பெரியவர் ஒருவர், "என்னம்மா, வெயில் ஏறினா உங்க மெஷினுக்கும் தலை சுத்துதா?" என்றார். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டபோது தொழில்நுட்பப் பணியாளர் சொன்ன விடை அவர் சொன்னதற்கு மிக அருகில் இருந்தது: "மேடம், இது சன் அவுட்டேஜ். கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும்."

அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி வருவதால், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஆன்டெனாவும் அந்த ஒரே புள்ளியை நோக்கி நிலைகுத்தி இருக்கும். இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி, ஆண்டுக்கு இருமுறை, சூரியன் சரியாக அச்செயற்கைக்கோளின் பின்னால் வந்து கடந்து செல்கிறது. பெங்களூரு, தருமபுரி போன்ற இடங்களுக்கு அது மார்ச் மாதத்தின் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் நேரும். சூரியன் ஒளியையும் வெப்பத்தையும் மட்டும் வீசுவதில்லை. ரேடியோ அலைகளையும் ஓயாது வீசிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். அந்த ஆண்டுகளில் பங்குச் சந்தைகளும் இதற்குத் தப்பவில்லை. தரகர்களின் முனையங்கள் செயற்கைக்கோள் வழியே இயங்கியதால், இந்நாட்களில் நண்பகலை ஒட்டி முக்கால் மணி நேரம் வர்த்தகத்தை நிறுத்தி, அந்த நேரத்தை மாலையில் ஈடுசெய்தார்கள். வரவு செலவு பார்க்கும் நிறுவனங்கள் சூரியனுக்கு இடைவேளை கொடுத்த காலம் அது.

எங்கள் கூரையில் இருந்த தட்டு, தன்னை அறியாமலேயே, ஒரு ரேடியோ தொலைநோக்கியாக இருந்தது. சில சென்டிமீட்டர் அலைநீளத்தில் அது சூரியனைப் 'பார்த்தது'. அது பார்த்த சூரியன், நாம் கண்ணால் காணும் மேற்பரப்பு அன்று. அதற்கும் மேலே உள்ள ஓர் அடுக்கு. இங்கேதான் அலைநீளத்தின் கதை தொடங்குகிறது.

ஒளி என்பது அலை. அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவே அலைநீளம். நம் கண் அறியும் ஒளி ஏறத்தாழ 400 நானோமீட்டர் ஊதாவிலிருந்து 700 நானோமீட்டர் சிவப்பு வரைக்கும்தான். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஊதாவுக்கு அப்பால் குறுகிக்கொண்டே போனால் புற ஊதாக் கதிர்கள், பின்னர் எக்ஸ் கதிர்கள். சிவப்புக்கு அப்பால் நீண்டுகொண்டே போனால் அகச்சிவப்பு, பின்னர் ரேடியோ அலைகள். இவை அனைத்தையும் சூரியன் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் கண்ணுக்குக் கிடைப்பது அந்நீண்ட சுருளில் ஒரு சிறு கிழிசல்.

ஒவ்வோர் அலைநீளத்திலும் சூரியன் ஏன் வேறுவேறாகத் தெரிகிறது? இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது வெப்பநிலை. நாம் காணும் மேற்பரப்பின் வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கேற்ற ஒளியின் உச்சம் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் அமைகிறது. பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள வாயுவோ எக்ஸ் கதிர்களிலும் மிகக் குறுகிய புற ஊதாக் கதிர்களிலும்தான் பளிச்சிடும். எக்ஸ் கதிர்ப் படத்தில் சூரியனின் வட்டம் கறுத்துக் கிடக்க, அதைச் சூழ்ந்த வெளி சுடர்வது இதனால்தான்.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. எனக்கு விளங்கவும் நாளாயிற்று. சூரியனில் உள்ள கால்சியம் 393.4 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியை விழுங்கும் இயல்புடையது. ஆகவே அந்த ஒரு நிறத்திற்கு மட்டும் சூரியனின் வளிமண்டலம் அடர்ந்த மூடுபனியாகிவிடுகிறது. அடியிலிருந்து புறப்பட்ட அந்நிற ஒளி மேலே வந்து சேராது. பனியின் மேல்விளிம்பிலிருந்து கிளம்பியது மட்டுமே நம்மை வந்தடையும். எனவே மற்ற நிறங்களையெல்லாம் தடுத்துவிட்டு, அந்த ஊதா நிறம் ஒன்றில் மட்டும் படம் எடுத்தால், மேற்பரப்பின் படம் கிடைக்காது. அதற்கு ஓராயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ள அடுக்கின் படம் கிடைக்கும். ஹைட்ரஜன் விழுங்கும் 656.3 நானோமீட்டர் செந்நிறத்திலும் இதே கதைதான். நிறத்தைத் தேர்வது என்பது உயரத்தைத் தேர்வது. என் மகளின் பாடநூல் படத்தில் இருந்த தீ நாக்குகள் இத்தகைய ஒற்றை நிறப் படங்களில்தான் அகப்படும்.

இருப்புநிலைக் குறிப்பை மட்டும் பார்த்துக் கடன் வழங்கும் அதிகாரி எவரும் இல்லை. இலாப நட்டக் கணக்கைக் கேட்போம். ரொக்க ஓட்ட அறிக்கையையும் கேட்போம். மூன்றும் ஒரே நிறுவனத்தைப் பற்றியவைதான். ஆனால் ஒன்றில் மறைந்திருப்பது மற்றொன்றில் வெளிப்படும். சூரியனை ஆராய்வோரும் இப்படித்தான் செயல்படுகிறார்கள்.

காக்ஸ் டவுனிலிருந்து கோரமங்களா ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். அங்குள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில்தான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. அந்த ஆய்வகம் பிறந்த கதைக்குள் பஞ்சமும் வணிகமும் கலந்திருப்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

வணிகவியல் படித்தவர்களுக்கு வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலறிஞரின் பெயர் நினைவிருக்கும். வணிகச் சுழற்சி பற்றிய கோட்பாடுகளின் பட்டியலில் 'சூரியப் புள்ளிக் கோட்பாடு' என்று ஒன்று வரும். எங்கள் பேராசிரியர் அதை ஒரு புன்னகையோடு கடந்து சென்றார். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் அது பெறுமானம் உடையதாக இருந்ததில்லை. ஆனால் ஜெவன்ஸ் வேடிக்கைக்காக எழுதியவர் அல்லர். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது 1843 முதலே அறியப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளும் அதே இடைவெளியில் வருவதாக ஜெவன்ஸ் 1878-இல் எழுதினார். சூரியன் மாறினால் இந்தியாவில் மழை மாறும். மழை பொய்த்தால் விளைச்சல் குன்றும். உழவர் கையில் பணம் இல்லாவிட்டால் லங்காஷயர் துணிக்கு இங்கே வாங்குவார் இல்லை. அங்கே ஆலைகளும் வங்கிகளும் தடுமாறும் என்பது அவர் கோத்த சங்கிலி.

அச்சங்கிலியின் நடுக்கண்ணி அன்று கற்பனையாக இருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர் சமஸ்தானத்தையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சம், ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் அரசின் புள்ளிவிவரத் துறைக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஹண்டர், சென்னையின் மழைக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைவதாக 1877-இல் வாதிட்டார். சூரியனைப் படித்தால் பருவமழையை முன்கூட்டியே அறியலாம், பஞ்சத்தைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை வலுத்தது. 1893-இல் லண்டனில் கூடிய குழு, கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைப்பதென்று முடிவு செய்தது. சென்னை வானாய்வகத்தின் பணியில் இருந்த மிச்சி ஸ்மித் அதன் பொறுப்பை ஏற்றார். கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், 1901 முதல் அங்கே சூரியனைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

மூன்று ஒளிகளில் சூரியன் அங்கே பதிவாயிற்று. 1904 முதல் வெள்ளொளியில் மேற்பரப்பும் அதன் புள்ளிகளும். அவ்வாண்டிலேயே தொடங்கிக் கால்சியத்தின் ஊதா நிறத்தில் அதற்கு மேலுள்ள நிற மண்டலமும். 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பில் நிற மண்டலத்தின் மேற்பகுதியும், அதில் மிதக்கும் நீண்ட இழைகளும். ஒற்றை நிறத்தில் முழு வட்டத்தையும் பிடிக்கும் கருவி எளிய அறிவினால் ஆனது. சூரிய உருவத்தின் மீது குறுகிய ஒரு பிளவு மெல்ல நகரும். பிளவின் வழியே வரும் ஒளியை நிறமாலையாக விரித்து, வேண்டிய நிறத்தை மட்டும் இரண்டாவது பிளவு வெளியே விடும். அதன் பின்னே ஒளிப்படத் தகடு. கோடு கோடாகச் சேர்ந்து ஒரு சூரியன் உருவாகும். இன்றைய ஒளிநகல் இயந்திரம் பக்கத்தைப் படிப்பதும் இப்படித்தான்.

1907-இல் அங்கு வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் ஒரு புள்ளியின் நிறமாலையை எடுத்துப் பார்த்தார். கரிய கோடுகள் புள்ளியின் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் நீலத்தை நோக்கியும் சற்றே வளைந்திருந்தன. காக்ஸ் டவுனில் வசிப்போருக்கு இதை விளக்குவது எளிது. பெங்களூரு கிழக்கு நிலையத்தைக் கடக்கும் இரயிலின் ஊதல், நம்மை நோக்கி வரும்போது கூர்மையாகவும் விலகிப் போகும்போது தணிந்தும் ஒலிக்கும் அல்லவா? ஒளிக்கும் அதே இயல்பு உண்டு. நெருங்கி வரும் வாயுவின் ஒளி நீலத்தை நோக்கியும், விலகும் வாயுவின் ஒளி சிவப்பை நோக்கியும் நகரும். சூரியப் புள்ளியின் மையத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கி வாயு விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று எவர்ஷெட் கண்டார். உலகெங்கும் அது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது.

பஞ்சக் கேள்வி என்ன ஆயிற்று? 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கணிதத்தில் கரைகண்டவர். மழைக் கணக்கையும் புள்ளிக் கணக்கையும் அவர் ஒட்டிப் பார்த்தபோது, நம்பி வைப்பதற்குரிய தொடர்பு ஏதும் அகப்படவில்லை. ஆனால் அந்தத் தேடலின் போக்கில், பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டுபிடித்தார். இன்று 'எல் நினோ' என்று செய்திகளில் அடிபடுவதன் மறுபாதி அது. ஜெவன்ஸின் சங்கிலி அறுந்துவிட்டது. அதற்காகத் தொடங்கிய பதிவேடோ நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்காமல் வளர்ந்தது. பின்னாளில்தான் அதன் மதிப்பு தெரிந்தது. கால்சிய ஒளியில் பிரகாசமாகத் தெரியும் இடங்கள் சூரியனின் காந்தப் புலம் வலுத்த இடங்கள். காந்தப் புலத்தை நேரடியாக, தொடர்ச்சியாக அளந்து வரைபடமாக்கும் வழக்கம் 1970-களிலிருந்துதான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய காலத்துச் சூரியனின் காந்த வரலாறு வேண்டுமென்றால், இந்தப் பழைய தகடுகளைத்தான் புரட்ட வேண்டும். அவை இப்போது எண்ம வடிவில் மாற்றப்பட்டுவிட்டன. பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றிய தலைமுறையைச் சேர்ந்தவள் என்ற முறையில், அவ்வேலையின் அலுப்பை என்னால் ஊகிக்க முடிகிறது.

கொடைக்கானலில் நிலத்தடிக் குகைத் தொலைநோக்கி ஒன்றும் உண்டு. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கண்ணாடிகள் சூரிய ஒளியைக் கீழே இறக்கி, 60 மீட்டர் நீளச் சுரங்கத்திற்குள் செலுத்துகின்றன. முடிவில் 34 சென்டிமீட்டர் விட்டத்தில், ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குச் சூரியன் விழும். பொதுமக்கள் பார்க்கக்கூடிய அருங்காட்சியகத்தில், அன்றைய சூரியனின் நேரடி உருவத்தையும் அதன் நிறமாலையையும் காட்டுகிறார்கள். வானவில் போன்ற பட்டையின் குறுக்கே கரிய கோடுகள் ஓடுவதைப் பார்த்த என் மகள் அவற்றைக் கீறல்கள் என்று நினைத்தாள். ஒவ்வொரு கீறலும் ஒரு தனிமத்தின் கையெழுத்து என்று அங்கிருந்தவர் சொன்னார்.

அப்படியொரு கையெழுத்தைத் தென்னிந்திய மண்ணிலிருந்துதான் உலகம் கண்டது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன். சூரிய விளிம்பின் நிறமாலையில் அன்று பளிச்சிட்ட மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தது. ஆயினும் அதனுடையது அன்று. பூமியில் எவரும் அறியாத தனிமம் என்று கொண்டு, அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டார் இங்கிலாந்தின் லாக்கியர். பூமியில் அது அகப்பட்டது 1895-இல்தான்.

அடுத்த ஆண்டுக் கிரகணத்தில் இன்னொரு புதிர் தோன்றியது. கிரகணம் முழுமையடையும் கணங்களில் சூரியனைச் சுற்றி முத்துப் போல் வெண்மையாக ஒளிரும் கரோனாவில், 530.3 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. இதையும் புதுத் தனிமம் என்றே எண்ணி 'கரோனியம்' என்று பெயர் வைத்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து உண்மை வெளிப்பட்டது: அது வெறும் இரும்பு, ஆனால் 13 எலக்ட்ரான்களைப் பறிகொடுத்த இரும்பு. இரும்பிடமிருந்து அத்தனையையும் பறிப்பதற்குப் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். மேற்பரப்பு 5,500 டிகிரி. அதைவிட்டு விலகி வெளியே போனால் பத்து லட்சம் டிகிரி! அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு ஏறுவது போன்றது இது. காந்தப் புலம்தான் அந்த ஆற்றலை மேலே சுமந்து செல்கிறது என்பதில் பெரும்பாலும் கருத்தொற்றுமை உண்டு. எப்படிக் கைமாற்றுகிறது என்பதில் வழக்கு இன்னும் முடியவில்லை.

கரோனாவின் ஒளி சூரிய வட்டத்தின் ஒளியைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கலானது. ஆகவே சில நிமிடக் கிரகணத்திற்காகக் கண்டம்விட்டுக் கண்டம் பயணம் செய்தார்கள். இப்போது ஓயாத கிரகணம் ஒன்றை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் சுற்றுப்பாதையை அடைந்தது. அங்கே இரவு இல்லை. பூமியின் நிழலும் இல்லை. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. அதில் உள்ள கரோனா ஆய்வுக் கருவி, பெங்களூருவை அடுத்த ஹோஸ்கோட்டையில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகத்தில் உருவானது. சூரிய வட்டத்தை மறைத்துவிட்டு, அதே பழைய பச்சைக் கோட்டிலும், கண்ணுக்குத் தெரியாத 1,074.7 நானோமீட்டர் அகச்சிவப்புக் கோட்டிலும் அது கரோனாவைப் படிக்கிறது.

விண்வெளிக்குப் போய்த்தான் தீரவேண்டும் என்ற நிலை புற ஊதாவுக்கும் எக்ஸ் கதிருக்கும் உண்டு. நமக்குத் தீங்கு நேராதபடி வளிமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுகிறது. உயிருக்கு அது வரம், ஆய்வாளருக்குத் திரை. புனேயின் வானியல் மையம் உருவாக்கிய தொலைநோக்கி, 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியில், 11 வடிகட்டிகளின் வழியே சூரியனின் முழு வட்டத்தையும் படமெடுக்கிறது. ஒவ்வொரு வடிகட்டியும் ஒவ்வோர் உயரம். எக்ஸ் கதிர்க் கருவிகள் இரண்டு. இரண்டும் பெங்களூருவில், யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் செய்யப்பட்டவை. அவை படம் எடுப்பதில்லை. சூரியனில் திடீர் வெடிப்புகள் நிகழும்போது எக்ஸ் கதிரின் அளவு எப்படி எகிறித் தணிகிறது என்று கணக்கெடுக்கின்றன.

எஞ்சியது ரேடியோ. தொடக்கத்தில் சொன்ன எங்கள் கிளையின் அனுபவம், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவத்துக்கும் நேர்ந்தது. 1942 பிப்ரவரியில் அவர்களுடைய ரேடார்கள் ஒரே நேரத்தில் இரைச்சலால் நிறைந்தன. எதிரியின் சூழ்ச்சி என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஜே.எஸ். ஹே என்பவர் ஆராய்ந்து, இரைச்சல் வந்த திசை சூரியனுடையது என்றும், அப்போது சூரியனில் ஒரு பெரும் புள்ளி இருந்தது என்றும் கண்டறிந்தார்.

பெங்களூருவுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கௌரிபிதனூரில் இப்பணி முறையாக நடக்கிறது. 1997 முதல் அங்கே இயங்கும் ஆன்டெனாத் தொகுதி, 40 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது சில மீட்டர் அலைநீளத்தில், சூரியனைப் படம் பிடிக்கிறது. இந்த அலைகள் கரோனாவிலிருந்து வருபவை. ஆகவே அங்கே தெரியும் சூரியன் நாம் காணும் வட்டத்தைவிடப் பெரியது, விளிம்பு மழுங்கியது. அலைநீளம் கூடக்கூட, அது புறப்படும் இடத்தின் உயரமும் கூடும். சூரியனிலிருந்து ஓர் அதிர்வு வெளிநோக்கிப் பாயும்போது, அதன் ரேடியோ ஒலி உயர் அதிர்வெண்ணிலிருந்து தாழ் அதிர்வெண்ணுக்கு வழுக்கி இறங்கும். எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று பார்த்தால், அந்த அதிர்வின் வேகத்தைக் கணித்துவிடலாம்.

இத்தனை ஒளிகளில் ஏன் காவல் காக்க வேண்டும்? 1859 செப்டம்பரில் தாக்கிய சூரியப் புயலின்போது உலகின் பல பகுதிகளில் தந்திக் கம்பிகள் தாறுமாறாக நடந்துகொண்டன. மும்பை கொலாபாவில் இருந்த காந்தமானி அந்நாளின் வீழ்ச்சியைப் பதிவு செய்தது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் மக்கள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரம் இன்றித் தவித்தனர். இன்று தொலைத்தொடர்பு வலையமைப்புகள் பல, நேரத்தையே செயற்கைக்கோள்களிடமிருந்து பெறுகின்றன. நம் பணப் பரிமாற்றங்கள் அந்த வலையமைப்புகளின் மீதுதான் ஓடுகின்றன. வெடிப்பின் எக்ஸ் கதிர் எட்டு நிமிடங்களில் நம்மை எட்டிவிடும். கரோனாவிலிருந்து பிய்த்தெறியப்பட்ட மேகமோ பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாட்கள் எடுத்துக்கொள்ளும். எக்ஸ் கதிர் முதல் மணியை அடிக்கும். மேகம் கிளம்பியதைக் கரோனாப் படம் காட்டும். அதன் வேகத்தை ரேடியோ சொல்லும். இந்த இடைவெளியில்தான் மின் நிலையங்களும் செயற்கைக்கோள்களை இயக்குவோரும் முன்னேற்பாடு செய்துகொள்ள முடியும். ஒரே ஒளியை நம்பியிருந்தால் இதில் ஒரு பகுதி தெரியும். மறுபகுதி வந்து விழுந்த பிறகுதான் தெரியும்.

2024 மே மாதம் இது கண்முன்னே நடந்தது. பூமியின் விட்டத்தைப் போல் பதினைந்து மடங்கு அகலத்தில் பரவிய ஒரு புள்ளித் தொகுதி அடுத்தடுத்து வெடித்தது. ஆதித்யாவின் எக்ஸ் கதிர்க் கருவிகள் அவ்வெடிப்புகளைப் பதிவு செய்தன. மே 10 இரவு பூமியை அடைந்த புயலால் லடாக்கின் ஹான்லேயில் வானம் செந்நிறமாயிற்று. அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழிகாட்டுதலில் விதைக்கும் டிராக்டர்கள் நின்றன. நம் கிளைகளில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் மே 11, இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. காலையில் அதே மாடிக்கு மகளை அழைத்துச் சென்றேன். கண்ணாடியில் கீறலோ மடிப்போ இல்லை என்று முதலில் சரிபார்த்துக்கொண்டேன். வாசகர்களும் அப்படியே செய்ய வேண்டும். பழைய எக்ஸ்ரே படலம், புகை பிடித்த கண்ணாடி, வெயிலுக்கு அணியும் சாதாரணக் கண்ணாடி ஆகியவை ஒருபோதும் உதவா. வடிகட்டி பொருத்தாத தொலைநோக்கியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. இப்போது பதினான்கு வயதாகிவிட்ட அவள், நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். "ஓரத்துல கொசு ஒட்டினாப்ல ஒண்ணு இருக்கு" என்றாள்.

கீழே வந்து, அன்றைய சூரியனின் படங்களைக் கைப்பேசியில் தேடினோம். வெள்ளொளியில் அதே கொசு. ஹைட்ரஜன் சிவப்பில் அவ்விடம் முறுக்கிய நார்கள் போல் இருந்தது. புற ஊதாவில் அங்கே வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்து நின்றன. அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு படத்திலும் நிறுத்தி, "இது எந்த ஒளிம்மா?" என்று கேட்டாள்.